வலது மேல்மடலில் திரும்பத் திரும்ப நிமோனியா; சி.டி.யில் ‘டிரக்கியல் பிராங்கஸ்’ என்று ஒரு வரி

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. மூன்று ஆண்டுகளில் மூன்று முறை நிமோனியா வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் எக்ஸ்-ரேயைப் பார்த்து “வலது பக்கம், மேலே” என்றார்கள். போன வாரம் நெஞ்சு சி.டி. எடுத்தோம். ‘வலது டிரக்கியல் பிராங்கஸ், கரினாவுக்கு 1.2 செ.மீ. மேலே’ என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. பிறவியிலேயே உள்ளது, பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார் எங்கள் குழந்தை நல மருத்துவர். அறுவை செய்து எடுத்துவிட வேண்டும் என்கிறார் மருத்துவத் துறையில் இருக்கும் உறவினர். இதற்கிடையே அடுத்த மாதம் டான்சில் அறுவைக்கு நாள் குறித்திருக்கிறோம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: குழந்தை நல மருத்துவர் சொல்வதன் பக்கம்தான் நான் நிற்பேன், ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, அந்த மூன்று நிமோனியாவும் உண்மையிலேயே இந்தக் கிளைக்குழாய் போய்ச் சேரும் இடத்தில்தான் வந்தனவா என்று யாராவது ஒருவர் படங்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு, டான்சில் அறுவைக்கு மயக்கம் கொடுக்கப்போகும் மருத்துவர் கையில் இந்த அறிக்கை முன்கூட்டியே இருக்க வேண்டும். சி.டி. படங்களை வாசிப்பதே என் தொழில் என்பதால் படத்திலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்றவை தாமாகவே புரியும்.

கழுத்திலிருந்து இறங்கும் மூச்சுக்குழாய், மார்பெலும்பின் மேல்பகுதியில் கையால் தொட்டால் தட்டுப்படும் மேட்டின் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. பிரியும் அந்த முகட்டுக்குத்தான் கரினா என்று பெயர். அங்கிருந்து வலது, இடது பெருங்கிளைகள் தொடங்குகின்றன. வலது பெருங்கிளை குட்டையானது; பெரியவர்களுக்கே ஏறக்குறைய இரண்டரை செ.மீ.தான். அந்தத் தொலைவுக்குள்ளேயே அது வலது நுரையீரலின் மேல்பகுதியான மேல்மடலுக்கு ஒரு கிளையை அனுப்பிவிடுகிறது. அந்தக் கிளை உச்சித் துண்டம், பின் துண்டம், முன் துண்டம் என மூன்று துண்டங்களுக்கு மூன்று சிறுகிளைகளாகப் பிரியும். உங்கள் மகனுக்கு, மேல்மடலுக்குப் போக வேண்டிய கிளையோ அதன் ஒரு பகுதியோ, கரினாவுக்குக் கீழே கிளம்புவதற்குப் பதிலாக மேலே, மூச்சுக்குழாயின் வலது சுவரிலிருந்தே நேராகக் கிளம்பியிருக்கிறது. வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்பே ஒரு வயலுக்குத் தனி மடை வைத்தது போன்ற ஏற்பாடு. தண்ணீர் போய்ச் சேருகிறது. போகும் வழி மட்டும்தான் வேறு. இதைத்தான் அறிக்கை டிரக்கியல் பிராங்கஸ் என்கிறது.

இதை முதலில் எழுதி வைத்தவர் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து உடற்கூற்றியலாளர் எட்வர்ட் சாண்டிஃபோர்ட், ஆண்டு 1785. வலப்பக்கத்தில் இது நூறு பேரில் 0.1 முதல் 2 பேர் வரை இருப்பதாகப் பல தொகுப்புகள் சொல்கின்றன. இடப்பக்கத்தில் இன்னும் அரிது. விலங்குகளில் சிலவற்றுக்கு இதுவே இயல்பான அமைப்பு. பன்றிக்கும், ஆடு மாடு போன்ற அசைபோடும் விலங்குகளுக்கும் வலது முன்மடலுக்கான கிளை மூச்சுக்குழாயிலிருந்தே கிளம்பும். குழாயோடு சேர்ந்த ஆட்டு நுரையீரலைக் கறிக்கடையில் வாங்கிப் பார்த்தால், பெரிய கவட்டைக்கு மேலே வலப்பக்கம் ஒரு கிளை தனியாகப் போவதை நீங்களே காணலாம். ஆடு அதனால் இருமுவதில்லை.

கருவின் நான்காவது வாரத்தில் முன்குடலிலிருந்து நுரையீரல் மொட்டு கிளம்பி, சில நாள்களிலேயே இரண்டாகப் பிளந்து, ஐந்தாம் வாரத்தில் மடல்களுக்கான கிளைகளையும் ஆறாம் வாரத்தையொட்டித் துண்டங்களுக்கான கிளைகளையும் விடுகிறது. எந்த இடத்தில் கிளை விட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது குழாயின் உள்தோல் மட்டுமன்று; அதைச் சுற்றியிருக்கும் இளந்திசுவும்தான். 1962இல் அலேசியோ, காசினி என்ற இரு ஆய்வாளர்கள் சுண்டெலிக் கருவின் மூச்சுக்குழாயில், நுரையீரலைச் சூழ்ந்த இளந்திசுவை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். கிளையே விடாத அந்த இடத்தில் புதிய மொட்டு முளைத்தது. மனிதக் கருவிலும் அப்படி ஏதோ ஒன்று ஒரு படி மேலே தள்ளி நிகழ்ந்தால் இந்த அமைப்பு உண்டாகலாம் என்பது ஒரு விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. எதுவும் முடிந்த முடிவன்று. கருவுற்றிருந்தபோது தாய் சாப்பிட்டது, செய்தது, செய்யாமல் விட்டது எதையும் இதோடு முடிச்சுப் போடத் தேவையில்லை. வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

இனி படத்துக்கு வருவோம். சாதாரண எக்ஸ்-ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. நல்ல படமாக அமைந்து, கண்ணும் அங்கே போனால், மூச்சுக்குழாயின் கறுப்புத் தூணிலிருந்து வலப்பக்கம் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு சாய்ந்து போவது தென்படலாம். அதைப் பார்த்துக் கண்டுபிடித்தவர்களைவிட, சி.டி.யில் பார்த்தபின் பழைய எக்ஸ்-ரேயை எடுத்து “ஆமாம், இருக்கத்தான் செய்கிறது” என்றவர்களே அதிகம்; நானும் இரண்டாவது கூட்டம்தான். 1920களிலிருந்து பல பத்தாண்டுகள், அயோடின் கலந்த எண்ணெயை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். கிளைகள் மரம்போல் வெள்ளையாகத் தெரியும் அழகான படங்கள் அவை. நோயாளிக்கு அந்த அனுபவம் அத்தனை அழகாக இருந்திருக்காது. சி.டி. வந்ததும் அந்த முறை ஏறத்தாழ மறைந்துவிட்டது.

சி.டி.யில் நெஞ்சை மேலிருந்து கீழாகக் குறுக்கு வெட்டுகளாகப் பார்க்கிறோம். மூச்சுக்குழாய் ஒரு கறுப்பு வட்டமாக வரும். பின்புறம் மட்டும் சற்றுத் தட்டையாக இருக்கும், ஏனென்றால் அங்கே குருத்தெலும்பு இல்லை, சவ்வுதான். வெட்டு வெட்டாக இறங்கும்போது, கரினாவுக்கு ஓரிரு செ.மீ. மேலே, வட்டத்தின் வலது ஓரம் கூராக வெளியே இழுபடும். அடுத்த வெட்டில் அந்தக் கூர்மை ஒரு குட்டைக் குழாயாக நீண்டு நுரையீரலுக்குள் நுழையும். அதை ஒட்டி ஒரு தமனிக் கிளையும் போகும். பெரும்பாலும் இது கரினாவிலிருந்து 2 செ.மீ.க்குள்தான் இருக்கும், அரிதாக 6 செ.மீ. மேலேயும் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மகனுடையது 1.2 செ.மீ. என்பதால், இடத்தைப் பொறுத்தவரை வழக்கமான வகைதான்.

இத்தனை தெளிவானது எப்படித் தவறவிடப்படுகிறது? முதல் காரணம் வெட்டின் தடிமன். 5 மி.மீ. தடிமனான வெட்டுகளை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால், குழந்தையின் கிளைக்குழாய் ஒரே வெட்டில் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். அதே படத்தை 1 மி.மீ. வெட்டுகளாகக் கணினியில் ஓட்டினால் தப்பவே முடியாது. அடுத்தது சாளர அமைப்பு, அதாவது திரையில் படத்தின் கறுப்பு வெள்ளை அளவை எந்த உறுப்புக்கு ஏற்றபடி வைத்திருக்கிறோம் என்பது. இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் பார்க்க வைத்திருக்கும் சாளரத்தில் நுரையீரல் முழுவதும் ஒரே கறுப்பு; கறுப்புக்குள் கறுப்புக் குழாய் எங்கே தெரியும்? நுரையீரல் சாளரத்துக்கு மாற்ற வேண்டும். இவை இரண்டையும்விட முக்கியமான காரணம், மருத்துவர் அந்த நேரத்தில் நிமோனியாவைத் தேடிக்கொண்டிருப்பார். மூச்சுக்குழாயின் சுவரை யாரும் தேடுவதில்லை.

குறுக்கு வெட்டில் சந்தேகம் வந்ததும், அதே தரவிலிருந்து முன்னிருந்து பார்ப்பது போன்ற நெடுக்கு வெட்டை உருவாக்குவோம். அதில் மூச்சுக்குழாய், கரினா, இரண்டு பெருங்கிளைகள், மேலே வலப்பக்கம் போகும் தனிக்கிளை எல்லாம் ஒரே படத்தில் நிற்கும். பல வெட்டுகளை அடுக்கி, அவற்றுள் மிகக் கறுப்பானதை மட்டும் எடுத்துக் காட்டும் ‘மின்ஐபி’ என்ற முறை ஒன்று உண்டு. காற்றுள்ள குழாய்களை அது அருமையாகத் துலக்கிக் காட்டும். நீலமும் சிவப்புமாக முப்பரிமாணத்தில் வரும் படத்தைத்தான் பெற்றோர் அதிகம் விரும்புகிறார்கள். என்னைக் கேட்டால், முடிவெடுக்க நெடுக்கு வெட்டே போதும். முப்பரிமாணப் படத்தில் ஒரு பொறி இருக்கிறது. குழாய்க்குள் சளி நிறைந்திருந்தால் அந்த இடத்தைக் கணினி அழித்துவிடும். கிளை பாதியில் முடிந்துவிட்டது போலத் தோன்றும். அதைப் பார்த்து ‘அடைப்பு’ என்று யாராவது சொன்னால் மெல்லிய வெட்டுகளுக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்து எண்ண வேண்டும். இந்த வேலையை அறிக்கைகள் அடிக்கடி விட்டுவிடுகின்றன. கரினாவுக்குக் கீழே, வழக்கமான இடத்தில், வலது மேல்மடல் கிளை இருக்கிறதா? இருந்தால் அதில் எத்தனை சிறுகிளைகள்? மூன்றில் ஒன்று குறைந்து, குறைந்த அந்தத் துண்டத்துக்கு மேலேயுள்ள தனிக்கிளை போகிறது என்றால், அது இடம் மாறிய வகை. இதுதான் அதிகம், பெரும்பாலும் இடம் மாறுவது உச்சித் துண்டத்தின் கிளை. மூன்றும் அங்கேயே இருக்க, மேலே இன்னொன்று கூடுதலாக இருந்தால் அது உபரி வகை. கீழே மேல்மடல் கிளையே இல்லாமல் மடல் முழுவதும் மூச்சுக்குழாயிலிருந்து காற்று வாங்கினால் மூன்றாவது வகை; அறிக்கைகளில் ‘பிக் பிராங்கஸ்’ என்று வருவது இதுதான். உபரிக் கிளை சில சமயம் நுரையீரலுக்குள் போகாமல் குருட்டுப் பையாக நின்றுவிடும். அங்கே சளி தேங்கும். உங்கள் மகனுடைய அறிக்கையில் எந்த வகை என்று எழுதவில்லை. கேட்டு வாங்குங்கள். படம் ஏற்கெனவே இருக்கிறது, மறுபடி ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. திறந்து எண்ணினால் போதும்.

போலிகளும் உண்டு. மூச்சுக்குழாயின் வலது பின்மூலையில், கழுத்து நெஞ்சுக்குள் நுழையும் மட்டத்தில், சிறு காற்றுக் குமிழ் ஒன்று பெரியவர்களிடம் அடிக்கடி தென்படும். அது கிளையன்று, நுரையீரலோடு தொடர்பில்லாத சின்னப் பை. இருக்கும் மட்டத்தை வைத்தே பிரித்துவிடலாம்: அது மேலே, தோள் உயரத்தில், இது கீழே, கரினா அருகில். நுரையீரல் உச்சியில் வரும் காற்றுக் கொப்புளமும் ஒரே வெட்டில் பார்த்தால் ஏமாற்றும். வெட்டுகளை மேலும் கீழும் ஓட்டினால், மூச்சுக்குழாயோடு இணைகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இவை எளியவை. உண்மையிலேயே ஏமாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது; அதற்குப் ‘பிரிட்ஜிங் பிராங்கஸ்’ என்று பெயர். மிகவும் அரிது, ஆனால் தவறவிட்டால் விலை அதிகம். இதில் வலது மேல்மடலுக்கு ஒரு கிளை மேலேயே பிரிந்துவிடும். அதற்குப் பிறகு கீழே இறங்குவது மூச்சுக்குழாய் போலவே தோன்றினாலும், உண்மையில் அது இடது பெருங்கிளை. அதிலிருந்து ஒரு கிளை நடுநெஞ்சைக் குறுக்காகக் கடந்து வந்து வலது நுரையீரலின் கீழ்ப்பகுதிக்குக் காற்று கொடுக்கும். அவசரமாகப் பார்ப்பவர் மேலேயுள்ள கிளையை டிரக்கியல் பிராங்கஸ் என்றும், கீழேயுள்ள பிரிவைக் கரினா என்றும் எழுதிவிடுவார். இரண்டு தடயங்கள் உதவும். போலிக் கரினா வழக்கத்தைவிடத் தாழ்வாக, ஐந்து, ஆறாம் நெஞ்சு முதுகெலும்பு மட்டத்தில் இருக்கும். அங்கே இரண்டு கிளைகளும் தலைகீழ் ‘டி’ எழுத்துப் போல அகன்று விரியும். அத்துடன், இரண்டு பிரிவுகளுக்கும் இடையிலுள்ள குழாய் நேராக இறங்காமல் இடப்பக்கம் சாய்ந்து போகும்.

இதன் விலை ஏன் அதிகம் என்றால், இது அடிக்கடி வேறு ஒரு கோளாறோடு கைகோத்து வரும். இடது நுரையீரல் தமனி தன் வழக்கமான பாதையை விட்டு, வலப்பக்கத்திலிருந்து கிளம்பி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே புகுந்து இடப்பக்கம் போவதுதான் அந்தக் கோளாறு. மூச்சுக்குழாயைப் பின்னாலிருந்து ஒரு கவண் வார் போல அது சுற்றிக்கொள்ளும். அப்படிப்பட்ட பல குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயின் குருத்தெலும்புகள் பின்புறம் திறந்த லாட வடிவில் இல்லாமல் முழு வளையங்களாகவே இருக்கும். சி.டி.யின் குறுக்கு வெட்டில், பின்புறத் தட்டை மறைந்து, சின்னதாக, கச்சிதமான வட்டமாக மூச்சுக்குழாய் தெரியும். பார்க்க அழகான வட்டம். ஆனால் அந்தக் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் போராடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே இரைச்சலோடு மூச்சு விடும், பால் குடிக்கும்போது நீலம் பூக்கும். அதற்கு அறுவை தேவைப்படும். தமனியை இடம் மாற்றி, மூச்சுக்குழாயையும் அகலப்படுத்துவார்கள். எளிய டிரக்கியல் பிராங்கஸுடனும் இந்தத் தமனிக் கோளாறோ மூச்சுக்குழாய்க் குறுக்கமோ சேர்ந்து வருவதுண்டு. அதனால் டிரக்கியல் பிராங்கஸ் என்று எழுதும் முன் இடது நுரையீரல் தமனி எங்கே போகிறது, மூச்சுக்குழாய் எங்காவது குறுகியிருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் டிரக்கியல் பிராங்கஸ் கூடுதலாகக் காணப்படுகிறது. முதுகெலும்பு, ஆசனவாய், இதயம், உணவுக்குழாய், சிறுநீரகம் ஆகியவற்றில் பிறவிக் கோளாறுகள் கூட்டாக வரும் குழந்தைகளிடமும் அப்படியே. உங்கள் மகன் நன்றாக ஓடியாடுகிறான், மூச்சில் இரைச்சல் இல்லை என்றால், இந்தப் பத்தி அவனைப் பற்றியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் அந்த இரண்டு கேள்விகளுக்கும் அறிக்கையில் விடை எழுதி வாங்கிவிடுங்கள். ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுத்த சி.டி. என்றால் தமனியைப் பற்றி உறுதியாகச் சொல்லிவிடலாம்.

இப்போது உங்கள் உறவினரின் வாதத்துக்கு வருகிறேன். குறை இருக்கிறது, நோயும் இருக்கிறது, ஆகவே குறைதான் நோய்க்குக் காரணம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கை நிரூபிக்க வேண்டும். டிரக்கியல் பிராங்கஸ் உள்ளவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். வேறு எதற்கோ சி.டி. எடுக்கும்போது அறுபது வயதுக்காரரிடம் அது தற்செயலாகத் தென்படுவதை நாங்கள் வழக்கமாகப் பார்க்கிறோம். அது தொல்லை தரும்போது பெரும்பாலும் காரணம் வடிகால்தான். கிளையின் வாய் குறுகலாக இருந்தாலோ கிளம்பும் கோணம் மோசமாக இருந்தாலோ சளி தேங்கும், தேங்கிய இடத்தில் தொற்று வரும், மீண்டும் மீண்டும் வந்தால் அந்தத் துண்டத்தின் சிறுகிளைகள் நிரந்தரமாக விரிந்துபோகும். அப்படி நடந்திருந்தால் சி.டி.யிலேயே தடயம் இருக்கும். அந்தத் துண்டத்தின் கிளைகள் பக்கத்துத் தமனியைவிடப் பருத்து, சுவர் தடித்து, நுனிவரை குறுகாமல் போகும். அல்லது அந்தத் துண்டம் மட்டும் சுருங்கியிருக்கும். அல்லது காற்று வெளியேறாமல் அங்கே மட்டும் கறுப்பு கூடியிருக்கும். இவற்றில் எதுவும் இல்லாமல், கிளையின் வாயும் அகலமாக இருந்தால், குற்றவாளியை வேறிடத்தில் தேட வேண்டும்.

அதற்கு முதலில் அந்த மூன்று எக்ஸ்-ரேக்களை எடுத்து வையுங்கள். மூன்றிலும் வெண்மை ஒரே இடத்திலா? “வலது மேலே” என்று வாயால் சொன்னது போதாது. முதல் நிமோனியா இரண்டு வயதில் வந்தது என்றால், அந்த வயதில் தைமஸ் சுரப்பி நெஞ்சின் மேல்பகுதியில் பெரிதாகவே இருக்கும். குழந்தை சற்றுத் திரும்பியபடி படம் எடுத்தால் அது வலப்பக்கம் பாய்மரம் போல விரிந்து, மேல்மடல் நிமோனியா போலவே காட்சியளிக்கும். காய்ச்சலோடு வந்த குழந்தைக்கு அதை நிமோனியா என்று சொல்லிவிடுவது எளிது. மூன்றில் ஒன்று தைமஸாக இருந்து, இன்னொன்று நடுமடலில் இருந்தால், “ஒரே இடத்தில் மூன்று முறை” என்ற வாதம் அங்கேயே உடைந்துவிடும்.

ஒரே இடம்தான் என்று உறுதியானாலும் நம் ஊரில் முதலில் ஒதுக்க வேண்டியவை வேறு. காசநோய் முதலாவது. ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்று வீடுகளில் பேசப்படுகிறதே, அதில் கிளைக்குழாயை ஒட்டிய நிணநீர்க்கணுக்கள் வீங்கிக் குழாயை வெளியிலிருந்து அழுத்தும். மேல்மடல் சுருங்கும், சளி தேங்கும், நிமோனியா திரும்பத் திரும்ப வரும். கணுக்கள் வீங்கியிருக்கின்றனவா என்பதற்கும் இதே சி.டி.யிலேயே விடை இருக்கிறது. அடுத்தது வேர்க்கடலை. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் ஒரு முறை கடுமையாகப் புரையேறி, பிறகு சரியாகிவிட்டது என்று நீங்கள் மறந்துபோன சம்பவம் ஏதாவது உண்டா? கடலைத் துண்டு எக்ஸ்-ரேயில் தெரியாது, சி.டி.யிலும் சளியோடு குழம்பிக் கிடக்கலாம். மூன்றாவது, படுத்தபடி பாட்டில் பால் குடிக்கும் பழக்கமும் வயிற்றிலிருந்து எதுக்களித்து நுரையீரலுக்குள் போவதும். படுத்திருக்கும் சிறு குழந்தைக்கு வலது மேல்மடலின் பின்பகுதி பள்ளமான இடம். போவதெல்லாம் அங்கேதான் தேங்கும். ஆஸ்துமாவில் சளி அடைத்து ஒரு துண்டம் சுருங்குவதையும் நிமோனியா என்று எழுதிவிடுவதுண்டு.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் விடை தரக்கூடியது பிராங்காஸ்கோப்பி. மெல்லிய கேமராக் குழாயால் கிளையின் வாயை நேரில் பார்ப்பார்கள்: அகலமாகத் திறந்திருக்கிறதா, கோடு போன்ற பிளவா, மூச்சு விடும்போது மூடிக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். தேங்கிய சளியை உறிஞ்சிக் காசநோய்ச் சோதனைக்கு அனுப்பலாம். கடலை இருந்தால் எடுத்துவிடலாம். எல்லோருக்கும் இது தேவையில்லை. உங்கள் மகனுக்கு எக்ஸ்-ரேக்களில் ஒரே இடம் என்று உறுதியானால், குழந்தைகளுக்கான நுரையீரல் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்பது நியாயம்.

அறுவைக்கு நான் எதிரியல்லன். கிளைகள் விரிந்து கெட்டுப்போய், மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் அடங்காமல் ஒரே துண்டத்தில் தொற்று வந்துகொண்டே இருந்தால், அந்தக் கிளையோடு சேர்த்து அந்தப் பகுதியை எடுத்துவிடுவது சரியான வைத்தியம். குழந்தைகள் அதிலிருந்து நன்றாகத் தேறுவார்கள். ஆனால் அந்த முடிவு கடைசிப் படியில் வருவது. அதற்கு முன் தொற்று வரும்போது முறையான சிகிச்சை, சளி வடிய முதுகில் தட்டிப் படுக்கவைக்கும் பயிற்சி, நிமோகாக்கல், இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிகள், வீட்டுக்குள் புகை இல்லாத சூழல் எல்லாம் இருக்கின்றன. குழந்தை வளர வளரக் குழாய்களும் அகலமாகும். ஐந்து வயதில் குறுகலாக இருந்த வாய் பத்து வயதில் போதுமானதாகிவிடலாம். கதிர்வீச்சு பற்றியும் ஒரு வார்த்தை: “வளர்ந்திருக்கிறதா பார்க்கலாம்” என்று ஆண்டுக்கு ஒரு சி.டி. எடுக்கத் தேவையில்லை. இந்தக் கிளை வளர்ந்து பரவும் பொருளன்று. பிரச்சினை புதிதாக எழுந்தால் மட்டும் எடுத்தால் போதும்.

இனி டான்சில் அறுவை. உங்கள் கேள்வியில் இதைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முதலில் கண்ணில் பட்டது.

முழு மயக்கத்தில் வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் செருகுவார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு எத்தனை ஆழம் என்பதற்கு ஒரு வாய்ப்பாட்டுக் கணக்கு உண்டு: வயதில் பாதியோடு 12ஐக் கூட்ட வேண்டும், உதட்டருகே ஏறக்குறைய 14.5 செ.மீ. வரும். அந்தக் கணக்கு, முதல் கிளை கரினாவில்தான் என்று நம்புகிறது. உங்கள் மகனுக்கு முதல் கிளை 1.2 செ.மீ. மேலேயே இருக்கிறது. குழாயின் நுனி சற்றே ஆழமாக இறங்கினால் அது அந்தக் கிளையின் வாயை அடைத்துவிடும். வலது மேல்மடலுக்குக் காற்றுப் போகாமல், சிறிது நேரத்தில் அது சுருங்கி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கும். அரிதாகக் குழாயே அந்தக் கிளைக்குள் நுழைந்துவிடலாம். அப்போது சின்ன ஒரு பகுதிக்குள் முழு அழுத்தமும் போகும். நுரையீரல் கிழியும் ஆபத்துகூட உண்டு. அறுவை அறையில் ஆக்சிஜன் இறங்கும்போது மயக்க மருத்துவர் யோசிக்கும் நீண்ட பட்டியலில் டிரக்கியல் பிராங்கஸ் மிகவும் கீழே இருக்கும். முன்பே தெரிந்தால் அது முதல் இடத்துக்கு வந்துவிடும்.

டான்சில் அறுவைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் உதட்டருகே கீழ்நோக்கி வளைந்தபடி வார்க்கப்பட்ட குழாயைப் பயன்படுத்துவார்கள். வளைவு எங்கே என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுவதால் ஆழத்தை விருப்பம்போலக் கூட்டிக் குறைக்க முடியாது. வாயைத் திறந்து வைக்கும் கருவியும் குழாயை உள்ளே தள்ளக்கூடும். அதற்கேற்ற வழிகள் மயக்க மருத்துவரிடம் இருக்கின்றன: வேறு வகைக் குழாயை எடுத்து ஆழத்தைக் குறைப்பது, கருவியைப் பொருத்தியபின் வலது மேல்மார்பில் மூச்சொலியை மறுபடி கேட்பது, மெல்லிய கேமராவால் நுனி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. குரல்வளைக்கு மேலேயே நின்றுவிடும் லாரிஞ்சியல் மாஸ்க்கைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர் முடிவு. நீங்கள் அதில் தலையிட வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது, அறுவை நாளன்று காலையில் சொல்வதற்குப் பதிலாக, மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனைக்குப் போகும்போதே அறிக்கையையும் படங்கள் அடங்கிய சி.டி. தட்டையும் கொண்டுபோவது. பிலிம் மட்டும் போதாது. அதில் அச்சாகியிருப்பது சில வெட்டுகள்தான். ஸ்கேன் மையத்தில் மெல்லிய வெட்டுகள் அடங்கிய முழுத் தரவையும் தட்டிலோ பென் டிரைவிலோ இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். சில மையங்கள் சில மாதங்களில் அழித்துவிடுகின்றன. கடைசி நிமோனியா முடிந்து எத்தனை வாரம் ஆகிறது என்பதையும் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். அண்மையில்தான் என்றால் டான்சிலைச் சில வாரங்கள் தள்ளிப்போடச் சொல்வார்; தள்ளிப்போடலாம், அதில் இழப்பு ஒன்றும் இல்லை. வகை எது, கிளையின் வாய் எப்படி, இடது நுரையீரல் தமனியின் பாதை என்ன, மூச்சுக்குழாயின் அகலம் எப்படி என்ற நான்குக்கும் விடை எழுதிய திருத்திய அறிக்கை வந்ததும், வேண்டுமானால் இங்கேயே பதிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மகனின் பெயரையும் மருத்துவமனை எண்ணையும் மறைத்துவிட்டுப் பதிவிடுங்கள்.